இணைய விவாதங்களில் கிறிஸ்தவ விசுவாசத்துக்காகப் பேசுவது எப்படி, எங்கே நிறுத்துவது: முழுமையான வழிகாட்டி

விசுவாசத்துக்காக வாதாடுகிறவர்கள் தங்களுக்கு ஆதாரமாக எடுத்துக்காட்டும் வசனம் பெரும்பாலும் 1 பேதுரு 3:15 ஆகவே இருக்கும். "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்கிறது அந்த வசனம். இதில் ஆயத்தமாயிருப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம்; சாந்தத்தைப் பற்றி அவ்வப்போது பேசுகிறோம்; விசாரித்துக் கேட்கிற ஒருவர் எதிரில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அநேகமாகக் கவனிப்பதே இல்லை. கேட்கிறவர் இருக்கும்வரை பதில் சொல்லும் கடமை இருக்கிறது, கேள்வி தீர்ந்துபோன இடத்தில் அந்தக் கடமையும் தீர்ந்துபோகிறது என்ற ஒரே கருத்தை வைத்துத்தான் கீழே உள்ள படிகள் எழுதப்பட்டிருக்கின்றன.

படி 1: அங்கே ஒரு கேள்வி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

கேள்விக்குறியோடு முடிகிற வாக்கியங்கள் எல்லாமே கேள்விகள் அல்ல. "இயேசு என்று ஒருவர் வாழ்ந்ததற்கு வேதாகமத்துக்கு வெளியே ஆதாரம் உண்டா?" என்பது கேள்வி. "இன்னுமா இந்தக் கட்டுக்கதைகளை நம்புகிறீர்கள்?" என்பது ஏளனம். இரண்டுக்கும் ஒரே வேகத்தில் பதில் எழுத உட்காருவதுதான் பல விவாதங்கள் தொடக்கத்திலேயே கெட்டுப்போவதற்குக் காரணம். சந்தேகம் இருந்தால், பதில் எழுதுவதற்கு முன் எதிர்க்கேள்வி ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்: "எப்படிப்பட்ட ஆதாரத்தை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள்?" உண்மையாகவே அறிய விரும்புகிறவர் இதற்கு ஏதாவது சொல்வார். விரும்பாதவர் பேச்சை மாற்றுவார்.

இது தந்திரம் அல்ல, சுவிசேஷங்களிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. எந்த அதிகாரத்தினால் இவற்றைச் செய்கிறீர் என்று பிரதான ஆசாரியரும் மூப்பரும் கேட்டபோது (மத்தேயு 21:23-27), யோவானுடைய ஸ்நானம் தேவனால் உண்டானதா மனுஷரால் உண்டானதா என்று இயேசு திருப்பிக் கேட்டார். அவர்கள் தங்களுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, "எங்களுக்குத் தெரியாது" என்றார்கள். உண்மையைச் சொல்ல அவர்கள் தயாராக இல்லை என்பது அதோடு வெளிப்பட்டுவிட்டது. அவரும் பதில் சொல்லாமல் விட்டுவிட்டார்.

படி 2: நுழைவதற்கு முன்பே வெளியேறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

எப்போது நிறுத்துவது என்பதை விவாதத்தின் நடுவில் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் அந்த நேரத்தில் முடிவு செய்வது கோபமாகவோ மான உணர்ச்சியாகவோதான் இருக்கும். எனவே முதல் பதிலை எழுதுவதற்கு முன்பே மூன்று எல்லைகளை வகுத்துக்கொள்ளுங்கள்: எத்தனை முறை பதில் சொல்வது, ஒரு நாளில் எவ்வளவு நேரம் செலவிடுவது, எந்த நடத்தையைக் கண்டால் உடனே விலகுவது. "இரண்டொருதரம் புத்திசொன்னபின்பு" விலகச் சொல்லும் தீத்து 3:10 சபைக்குள் பிரிவினை உண்டாக்குகிறவர்களைப் பற்றியது. வெளியாரோடு பேசுவதற்கு அதை அப்படியே சட்டமாக்க முடியாது. ஆனாலும் அந்த அளவு நியாயமான அளவாகவே எனக்குத் தோன்றுகிறது. ஒரே குறிப்பைப் பற்றி இரண்டு முறை தெளிவாக விளக்கிய பிறகு, மூன்றாவது முறை புதிதாகச் சொல்வதற்கு அநேகமாக எதுவும் மிஞ்சுவதில்லை.

படி 3: எதிர்த்தரப்பு சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லுங்கள்

கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்சஸ் என்ற கிரேக்கத் தத்துவ அறிஞர் கிறிஸ்தவத்தைக் கடுமையாகத் தாக்கி ஒரு நூல் எழுதினார். அந்த நூல் இன்று தனியாகக் கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் அதன் பெரும்பகுதி நமக்குத் தெரிகிறதென்றால், ஏறக்குறைய 248-இல் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் அதற்கு எட்டுப் புத்தகங்களாக மறுப்பு எழுதியபோது, செல்சஸின் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, அதன் பிறகே பதில் சொன்னார் என்பதுதான் காரணம். கிறிஸ்தவத்தின் எதிரி ஒருவருடைய வாதங்களைப் பாதுகாத்துக் கொடுத்தது ஒரு கிறிஸ்தவருடைய நேர்மை. இணையத்தில் இன்று நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது: எதிராளி சொன்னதில் மிகப் பலவீனமான ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, அதையே அவருடைய முழுக் கருத்தாகக் காட்டிவிடுகிறோம்.

"காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்கிறது நீதிமொழிகள் 18:13. உங்கள் பதிலின் முதல் வரியை, "நீங்கள் கேட்பதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்" என்று தொடங்கி, அவருடைய வாதத்தை அதன் முழு வலிமையோடு எழுதுங்கள். அவர் "ஆம், அதுதான்" என்று சொன்ன பிறகு மேலே செல்லலாம்.

படி 4: பத்துக் குற்றச்சாட்டுகளில் ஒன்றை மட்டும் எடுங்கள்

ஒரே பதிவில் சிலுவைப் போர்கள், நோவாவின் பேழை, போதகர்களின் ஆடம்பரம், திரித்துவம், பரிணாமம் எல்லாவற்றையும் கொட்டுகிறவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் பதில் எழுதினால் ஒன்றுக்கும் உருப்படியான பதில் கிடைக்காது. ஒன்றை விட்டுவிட்டால் அதற்குப் பதில் இல்லை என்பார்கள். "இவற்றில் உங்களுக்கு மிக முக்கியமானது எது? அதைப் பற்றி முதலில் பேசுவோம், மற்றவை பிறகு" என்று கேளுங்கள். அவர் தேர்ந்தெடுக்க மறுத்தால் நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை ஏன் எடுத்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

படி 5: சாட்சியத்தைச் சரிபார்க்காமல் வைக்காதீர்கள்

இந்தப் படியில்தான் அதிக உழைப்பு தேவை. தமிழ்க் கிறிஸ்தவர்கள் மிகவும் வழுக்கி விழுகிற இடமும் இதுதான் என்பது என் கணிப்பு.

எதிர்த்தரப்பின் தவறான கூற்று ஒன்றை முதலில் பார்ப்போம். "325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன்தான் எந்தப் புத்தகங்கள் வேதாகமத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்" என்று பலரும் எழுதுகிறார்கள். அந்தச் சங்கம் கூடியதற்கு முக்கியக் காரணம் ஆரியுஸ் என்ற அலெக்சாந்திரியக் குருவின் போதனை, அதாவது குமாரன் பிதாவுக்குச் சமமானவரா படைக்கப்பட்டவரா என்ற சர்ச்சை. உயிர்த்தெழுதல் பண்டிகையின் தேதியைப் பற்றியும் அது முடிவெடுத்தது. அது இயற்றியதாக நமக்குக் கிடைத்துள்ள 20 விதிகளில் ஒன்றிலும் வேதாகமப் புத்தகப் பட்டியல் கிடையாது. சுவிசேஷங்கள் நான்குதான் என்று ஆயர் ஐரேனியுஸ் ஏறக்குறைய 180-இலேயே வாதிட்டுவிட்டார். இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் அப்படியே தருகிற பட்டியலாகப் பொதுவாகச் சுட்டப்படுவது, அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய கடிதம். இவ்வளவு சொன்னால் போதும். "வரலாறு தெரியாதவர்" என்ற பட்டத்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை, தேதிகளே பேசிக்கொள்ளும்.

இனி நம் பக்கத்துத் தவறு. திரித்துவத்துக்கு ஆதாரம் கேட்கும்போது, "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்ற 1 யோவான் 5:7-ஐத் தூக்கி வைப்பது பலருக்கும் பழக்கம். அந்த வாசகம் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1516-இலும் 1519-இலும் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்புகளில் அது இடம்பெறவில்லை. 1522-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்த்தார். அந்த வழிவந்த அச்சுப் பதிப்புகளைப் பின்பற்றிய பழைய மொழிபெயர்ப்புகள் அதைத் தாங்கி நிற்கின்றன. விஷயம் தெரிந்த எதிராளி ஒருவர் இதைச் சுட்டிக்காட்டினால், திரித்துவமே இடைச்செருகல் என்ற எண்ணம் படிக்கிறவர்கள் மனதில் விழுந்துவிடும். நிசேயா காலத்துச் சபைத் தந்தையர் அந்த வாசகத்தைச் சார்ந்து நிற்காமலேயே தங்கள் வாதத்தைக் கட்டினார்கள் என்பதை நினைத்தால், நமக்கும் அது தேவையில்லை. யோவான் முதலாம் அதிகாரம், பிலிப்பியர் 2, மத்தேயு 28:19 போன்ற பகுதிகளிலிருந்து தொடங்குவது நல்லது. மாற்கு 16:9-20, யோவான் 7:53 முதல் 8:11 வரை உள்ள பகுதிகளும் மிகப் பழைய பிரதிகளில் காணப்படாதவை. அவற்றை வாதத்தின் தூணாக நிறுத்தாதீர்கள்.

வேதாகமத்துக்கு வெளியே உள்ள சாட்சியங்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் ஏறக்குறைய 93-94-இல் எழுதிய நூலில் இயேசுவைப் பற்றி இரண்டு இடங்களில் பேச்சு வருகிறது. 18-ஆம் புத்தகத்தில் உள்ள நீண்ட பத்தியில் பிற்காலக் கிறிஸ்தவர்கள் கைவைத்திருக்கிறார்கள் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அதை மறைத்து மேற்கோள் காட்டினால் அடுத்த பதிலிலேயே அகப்பட்டுக்கொள்வீர்கள். 20-ஆம் புத்தகத்தில், கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு என்று வருகிற சிறு குறிப்பை மிகப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், ஏறக்குறைய 116-இல், திபேரியுவின் ஆட்சியில் பொந்தியு பிலாத்துவினால் கிறிஸ்து மரண தண்டனை அடைந்ததைச் சொல்கிறார். அவர் கிறிஸ்தவர்களை வெறுத்தவர் என்பதால் அந்த வரிக்குக் கூடுதல் மதிப்பு. இந்தச் சாட்சியங்கள் இயேசு வாழ்ந்து மரித்தார் என்பதைக் காட்டுகின்றன. அவர் உயிர்த்தெழுந்தார் என்பதைக் காட்டவில்லை. ஆதாரம் எதுவரை போகிறதோ அதுவரை மட்டுமே போங்கள். புதிய ஏற்பாட்டுக்கு 5,000-க்கும் மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன என்று சொல்லும்போதும், அவற்றில் பெரும்பாலானவை இடைக்காலத்தவை என்பதையும், பிரதிகளின் எண்ணிக்கை வாசகம் எவ்வளவு நன்றாகக் காக்கப்பட்டது என்பதற்குத்தான் சாட்சியே தவிர அதில் சொல்லப்பட்டது உண்மை என்பதற்கு அல்ல என்பதையும் மறவாதீர்கள்.

சமூக ஊடகத்தில் சுற்றிவரும் படங்கள், "விஞ்ஞானிகள் அதிர்ச்சி" வகைக் காணொளிகள், மரணப் படுக்கையில் மனம் மாறிய நாத்திகர் கதைகள் ஆகியவற்றை அறவே தொடாதீர்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தருகிற மேற்கோளையும் மூலத்தைத் திறந்து பார்க்காமல் ஒட்டாதீர்கள்.

படி 6: ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்ளுங்கள்

1099-இல் எருசலேமைப் பிடித்த சிலுவைப் போர்வீரர்கள் நகரத்தாரைக் கொன்று குவித்தார்கள். 1633-இல் கலிலியோ தண்டிக்கப்பட்டார். அந்த விவகாரத்தில் நேர்ந்த பிழையை 1992-இல் போப் இரண்டாம் ஜான் பால் வெளிப்படையாக ஏற்றார். இவற்றைக் கேட்டவுடன் "மற்ற மதத்தார் செய்யவில்லையா?" என்று திருப்புவது பதில் ஆகாது. "அது பாவம், அதை நான் நியாயப்படுத்தமாட்டேன்" என்று முதலில் சொல்லிவிட்டு, அதைச் செய்தவர்கள் கிறிஸ்துவின் போதனையைப் பின்பற்றினார்களா மீறினார்களா என்ற கேள்விக்கு அதன் பிறகே போகலாம்.

வேதாகமத்துக்குள்ளேயே உள்ள கடினமான பகுதிகளுக்கும் இது பொருந்தும். கல்லறையில் மத்தேயு ஒரு தூதனைக் காட்டுகிறார், லூக்கா இரண்டு பேரைச் சொல்கிறார். யோவான் 20-இல் மகதலேனா மரியாள் தனியாகப் போனதாகத் தோன்றினாலும், "அவரை எங்கே வைத்தார்களோ அறியோம்" என்று அவள் பன்மையில் பேசுகிறாள். ஒரு சாட்சி எல்லாரையும் எண்ணிச் சொல்லாமல் முக்கியமானவரை மட்டும் குறிப்பிடலாம் என்று இதற்கு விளக்கம் தர முடியும். ஆனால் 1 சாமுவேல் 15-இல் அமலேக்கியரைக் குழந்தைகள் உட்படக் கொல்லச் சொன்ன கட்டளையைப் பற்றி ஒருவர் கேட்டால், இரண்டு வரியில் தீர்த்துவைக்கிற பதில் எதுவும் நேர்மையானதாக இருக்க முடியாது. விசுவாசிகளே இதை வெவ்வேறு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றும், அந்தக் கேள்வி உங்களையும் உறுத்துகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். "எனக்குத் தெரியவில்லை, படித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்பதும் முழுமையான பதில்தான்.

படி 7: எழுதி முடித்ததும் உடனே அனுப்பாதீர்கள்

அவருடைய வாதத்தைத் தொடாமல் அவரைத் தொடுகிற வாக்கியங்கள் எவை என்று பார்த்து நீக்குங்கள். "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்பதைக் குத்தலாக எழுதியிருந்தால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். நரகத்தைக் காட்டி மிரட்டுகிற வரியும் அப்படியே. கூடுமானால் ஒரு பதிலுக்கு ஒரு குறிப்பு, ஒரு ஆதாரம், ஒரு கேள்வி என்று நிறுத்திக்கொள்ளுங்கள். வசனத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் போவது, அந்த நூலை அதிகாரமாக ஏற்காதவரிடம் செல்லாது. ஏதென்ஸில் பவுல் கேட்டவர்களுக்குத் தெரிந்த கிரேக்கப் புலவர் ஒருவரின் வரியையே எடுத்துப் பேசினார் (அப்போஸ்தலர் 17:28) என்பதை நினைவில் வையுங்கள்.

படி 8: காயத்திலிருந்து வருகிற கேள்விக்கு வாதத்தால் பதில் சொல்லாதீர்கள்

"அன்பான கடவுள் இருந்தால் என் குழந்தையை ஏன் எடுத்துக்கொண்டார்?" என்று ஒருவர் எழுதும்போது, தீமையின் பிரச்சினைக்குத் தத்துவ விளக்கம் கொடுக்கத் தொடங்குவதைவிடக் கொடுமை வேறு இல்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் கெட்டுப்போனது.

சபையிலோ ஊழியக்காரர் ஒருவராலோ தனக்கு நேர்ந்த அநியாயத்தைச் சொல்கிறவரிடமும் இதே கவனம் வேண்டும். "எல்லாச் சபைகளும் அப்படி இல்லை" என்ற வாக்கியம் உண்மையாகவே இருந்தாலும், அந்த இடத்தில் அது அவரை வாயடைக்கிற வேலையைத்தான் செய்யும். கேளுங்கள், நம்புங்கள். குற்றம் நடந்திருந்தால் அவர் காவல்துறைக்கும் சட்டத்துக்கும் போவதை விசுவாசத்தின் பெயரால் தடுக்காதீர்கள். இங்கே பாதுகாக்கப்பட வேண்டியவர் அவர், சபையின் பெயர் அல்ல. பொதுவெளியில் விவரம் கேட்டுத் துருவாமல், அவர் விரும்பினால் தனியாகப் பேசத் தயார் என்று மட்டும் சொல்லுங்கள்.

படி 9: நமக்குள் நடக்கும் தர்க்கங்களைக் கடைவீதிக்குக் கொண்டுவராதீர்கள்

ஞானஸ்நானம், அந்நிய பாஷை, கடைசிக் காலம் பற்றிய சண்டைகளைப் பொதுவெளியில் நடத்துவதால் யாருக்கும் பயன் இல்லை. யோவானுடைய ஸ்நானத்தை மட்டும் அறிந்திருந்த அப்பொல்லோ ஜெபஆலயத்தில் தைரியமாய்ப் பேசியதைக் கேட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும், அவனைச் சேர்த்துக்கொண்டுபோய்த் தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாய் விளக்கிக் காட்டினார்கள் (அப்போஸ்தலர் 18:26). சகவிசுவாசியின் தவறைத் திருத்த வேண்டுமென்றால் தனிச்செய்தியில் எழுதுங்கள்.

படி 10: நிறுத்த வேண்டிய இடத்தை அடையாளம் காணுங்கள்

"மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே" என்கிறது நீதிமொழிகள் 26:4. அடுத்த வசனமே "மறுஉத்தரவு கொடு" என்கிறது. இரண்டும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால், எந்த நேரத்தில் எதைச் செய்வது என்பதை நிதானிக்கும் பொறுப்பு நம்மிடம் விடப்பட்டிருப்பது தெரிகிறது. அந்த நிதானிப்புக்கு உதவும் அடையாளங்கள் சில உண்டு.

ஏற்கெனவே பதில் சொன்ன அதே கேள்வி, அந்தப் பதிலைக் கண்டுகொள்ளாமலே திரும்பவும் வருகிறது. நீங்கள் பதில் சொல்லச் சொல்ல அவர் கேட்கிற ஆதாரம் மாறிக்கொண்டே போகிறது. பேச்சு கருத்தை விட்டு உங்கள் சாதி, குடும்பம், தொழில் ஆகியவற்றின் மேல் திரும்புகிறது. இவை அவர் பக்கத்து அடையாளங்கள். உங்கள் பக்கத்து அடையாளங்கள் இன்னும் முக்கியமானவை, கண்டுபிடிப்பது அவற்றைவிடக் கடினம்: போனை வைத்த பிறகும் மனதுக்குள் பதில் எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள், அவர் மனம் மாற வேண்டும் என்ற விருப்பத்தைவிட அவர் தலைகுனிய வேண்டும் என்ற விருப்பம் பெரிதாகிவிட்டது, பார்க்கிறவர்கள் எத்தனை பேர் விருப்பக்குறி இட்டார்கள் என்று எண்ணத் தொடங்கிவிட்டீர்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும், வாதம் உங்களுக்குச் சாதகமாகவே போய்க்கொண்டிருந்தாலும், நிறுத்திவிடுங்கள்.

மிரட்டல் வந்தால் பதில் எழுதாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தளத்தில் புகார் கொடுத்து, அந்தக் கணக்கை பிளாக் செய்யுங்கள். ஒருவரை பிளாக் செய்வதால் மன்னிப்பு குறைந்துவிடுவதில்லை.

மௌனம் தோல்வியாகிவிடுமோ என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். செல்சஸுக்கு எதிராக எட்டுப் புத்தகங்கள் எழுதிய அதே ஓரிகன், அதன் முன்னுரையை இயேசு பொய்ச்சாட்சிகளுக்கு முன் மௌனமாயிருந்ததைச் சொல்லித்தான் தொடங்குகிறார். அற்புதம் பார்க்கும் ஆசையோடு ஏரோது அநேக காரியங்களைக் கேட்டபோதும் அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை (லூக்கா 23:9). ஏறக்குறைய 160-இல் கிறிஸ்தவ அறிஞர் ஜஸ்டின் எழுதிய உரையாடலில், யூதரான டிரிஃபோ கடைசிவரை மனம் மாறுவதில்லை. ஆனாலும் இருவரும் ஒருவரையொருவர் வாழ்த்தித்தான் பிரிகிறார்கள். ஏதென்ஸில் சிலர் இகழ்ந்தார்கள், சிலர் இன்னொருவேளை கேட்போம் என்றார்கள், பவுல் அவர்களை விட்டுப் போய்விட்டான். தியொனீசியுவும் தாமரியும் விசுவாசித்தவர்களாகக் குறிப்பிடப்படுவது அதற்கு அடுத்த வசனத்தில்தான்.

நிறுத்தும்போது சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இப்படி எழுதலாம்: "உங்கள் முதல் கேள்விக்கு என்னிடம் இருந்த பதிலைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது குறிப்பில் நீங்கள் சொன்னது எனக்கு யோசிக்க வேண்டிய விஷயமாக இருக்கிறது. இதற்கு மேல் நான் எழுதினால் சொன்னதையே திரும்பச் சொல்வதாகிவிடும் என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். தனியாகப் பேச விரும்பினால் எழுதுங்கள்." கடைசி வரியில் புதிய வாதம் எதையும் நுழைக்காதீர்கள், அப்படிச் செய்தால் அது விடைபெறுதல் ஆகாது, அடுத்த அடிக்கு அழைப்பாகும். கடைசி வார்த்தை அவருடையதாகவே இருக்கட்டும்.

படி 11: நிறுத்திய பிறகு

அந்த உரையாடலின் நோட்டிபிகேஷனை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நிறுத்தியதாக அர்த்தமில்லை. அவருடைய பதில்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சபைக் குழுவில் போட்டு ஆமென் வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன தகவலில் ஒன்று தவறு என்று பிறகு தெரியவந்தால், விவாதம் முடிந்துவிட்டதே என்று விட்டுவிடாமல், சொன்ன இடத்திலேயே போய்த் திருத்தம் எழுதுங்கள். இதற்காக மட்டும் திரும்பிப் போகலாம். உங்களால் பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவற்றில் ஒன்றை எடுத்து, விளக்கவுரைகளைப் புரட்டி, விஷயம் தெரிந்த போதகர் ஒருவரிடமும் கேட்டு, தெளிவு கிடைத்த பிறகு, அந்தக் கேள்வியைக் கேட்டவர் உண்மையாகவே கேட்டவராக இருந்திருந்தால், எத்தனை வாரம் கழித்தானாலும் அவருக்குத் தனியாக எழுதி, பதிலைக் கேட்க இன்னும் விருப்பமா என்று விசாரியுங்கள்.